வன்னியில் வேலையோடு தடயவியல் உளவியல் முதுமாணி: எந்த வழி யாருக்கு?

சென்ற மாதம் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் முல்லைத்தீவுப் பக்கம் நன்னடத்தை உத்தியோகத்தராக இருக்கும் தங்கச்சி. உளவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். மற்றவர் வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் தம்பி. அவருடைய அக்காவும் அத்தானும் இலண்டனில் இருக்கிறார்கள், தானும் என்றோ ஒரு நாள் அங்கே போய்விடுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேலையை விடாமல் தடயவியல் உளவியலில் முதுமாணிப் பட்டம் படிப்பதென்றால் எங்கே படிப்பது, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியாகவா, இந்தியாவிலா, அல்லது வார இறுதியில் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வரும் உள்நாட்டுப் படிப்பிலா என்பதே இருவரதும் கேள்வி. இருவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் பிரதேச செயலகம் ஒன்றில் பகலெல்லாம் கோப்புகளோடு இருந்துகொண்டு, வார இறுதிகளில் கொழும்புக்குப் பேருந்தில் போய்ப் படித்து முடித்தவள் நான் என்பதால், என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசிப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தடயவியல் என்ற சொல்லை வன்னியில் உச்சரித்தால், கேட்பவருக்கு எலும்புகள்தாம் நினைவுக்கு வரும். 2018இல் மன்னார் சதொச வளாகத்திலும், 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோதும் வெளிப்பட்ட மனிதப் புதைகுழிகளுக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பொருள் இருக்க வழியில்லை. நான் படிக்கப் போகிறேன் என்றதும் என் அம்மாவே, "கிடங்கு கிண்டுற இடத்துக்கோ போகப் போறாய்?" என்றுதான் கேட்டார். தொலைக்காட்சித் தொடர்களில் வருவதுபோல் கொலையாளியின் குணத்தைக் கணித்துச் சொல்லும் வித்தை என்று நினைப்பவர்களும் உண்டு. படிப்பின் உள்ளே போனால் இரண்டுமே அதிகம் இல்லை. சாட்சியின் ஞாபகம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, பிள்ளையிடம் எப்படிக் கேட்டால் நடந்தது நடந்தபடி வெளிவரும், எதிரிக்கூண்டில் நிற்பவருக்குத் தன்மேல் நடக்கும் வழக்கு விளங்குகிறதா, விடுதலையாகிப் போகும் ஒருவர் மறுபடி வன்முறையில் இறங்கும் ஆபத்து எந்தச் சூழ்நிலைகளில் கூடும், எதைச் செய்தால் குறையும் என்பவைதாம் அதன் அன்றாடப் பாடங்கள்.

இந்தப் பாடங்களுக்கான களம் வன்னியில் தாராளமாக இருக்கிறது. அந்தப் பெயரில் பதவிதான் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நீதிமன்றங்களின் தாழ்வாரத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும்: சிறுவர் வழக்குக்கு அறிக்கை கொண்டுவந்த நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் இருந்து வந்த சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையின் கீழ் உள்ளவர்களைப் பார்க்கும் உத்தியோகத்தர், பொலிஸ் பெண்கள் சிறுவர் பிரிவில் இருந்து வந்தவர் என்று நான்கு பேராவது கையில் கோப்போடு நிற்பார்கள். நால்வரும் செய்வது தடயவியல் உளவியலின் ஏதோ ஒரு துண்டைத்தான். ஆனால் "தடயவியல் உளவியலாளர் தேவை" என்ற அறிவித்தலை இத்தனை ஆண்டுகளில் வர்த்தமானியில் நான் ஒருமுறையும் கண்டதில்லை. ஆகவே இலங்கையில் இருக்கப் போகிறவருக்கு இந்தப் பட்டம் புதிய வேலையொன்றைத் தரும் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் கணக்குப் பிழைக்கும். இருக்கிற வேலையை ஆழமாகச் செய்ய உதவும் என்று எண்ணிப் போட்டால் சரிவரும். நான் ஒப்பிடத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான். போகப் போகிறீர்களா, இருக்கப் போகிறீர்களா என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்காமல் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் திறக்க வேண்டாம்.

இங்கிலாந்து வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் தேடுவதும் அதைத்தான், விளம்பரம் அதிகம் வருவதும் அதற்குத்தான். அங்கே தடயவியல் உளவியலாளர் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டப்பெயர். 2009 முதல் சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழில்கள் பேரவையில் பதிந்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். அந்தப் பதிவுக்குப் போகும் வழக்கமான பாதைக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, பிரித்தானிய உளவியல் சங்கம் தன் பட்டய உறுப்புரிமைக்கான அடிப்படைத் தகுதியாக ஏற்கும் உளவியல் இளமாணிப் பட்டம். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் தம் பாடவிபரத்தையும் பெறுபேறுகளையும் சங்கத்துக்கு அனுப்பித் தனியாக மதிப்பீடு செய்விக்க வேண்டும், குறை இருந்தால் மாற்றுப் பட்டமொன்றைப் படித்து நிரப்ப வேண்டும். இரண்டாவது, அதே சங்கம் அங்கீகரித்த தடயவியல் உளவியல் முதுமாணி. மூன்றாவது, குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழுநேர அளவில் மேற்பார்வையின் கீழ் செய்யும் தொழிற்பயிற்சி. முதுமாணி நடுப்படி மட்டுமே. முன்னும் பின்னும் படி இல்லாத நடுப்படியில் ஏறி நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

என்னோடு வேலை செய்த ஓர் அக்கா இணையவழி முதுமாணி ஒன்றில் சேர்ந்தார். அது உண்மையான பல்கலைக்கழகம்; படிப்பிலும் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கற்கைநெறிக்குச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லை என்பது இரண்டாவது ஆண்டில்தான் அவருக்குத் தெரியவந்தது. சேர்க்கை முகவர் அதை ஒளித்தார் என்றும் சொல்ல முடியாது. அக்கா கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கு, அதுவும் அதன் இணையவழி வடிவத்துக்கு, அங்கீகாரம் இருப்பதும் வேறு வேறு. போதாக்குறைக்கு அவர் கட்டணத்தைத் தவணையாகப் பவுணில் கட்டிக்கொண்டிருந்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 270 ரூபாவாக இருந்த பவுண் மே மாதத்தில் 440 ரூபாவைத் தாண்டியபோது, மிச்சத் தவணைகளுக்காக அவருடைய இரண்டு சோடிக் காப்புகள் அடகுக்குப் போயின. பட்டம் கிடைத்துவிட்டது. இப்போதும் அதே மேசையில், அதே பதவியில்தான் இருக்கிறார். நல்ல அறிக்கை எழுதுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படித்தது வீண்போகவில்லை, கொடுத்த விலைதான் அதிகம்.

விலையை ஒரு பேச்சுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டணம் 8,000 பவுண் என்று வைத்துக்கொண்டு, பவுணை 400 ரூபா என்று எடுத்தாலும் 32 இலட்சம் ரூபா. அரச சேவையில் எங்களைப் போன்றவர்களின் சம்பளத்தில் அது பல ஆண்டுச் சேமிப்பு. நேரமும் கணக்கில் வரவேண்டும். கிளிநொச்சிக்கும் இலண்டனுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் வித்தியாசம் என்பதால், அங்கே வேலை முடித்து வருபவர்களுக்காக மாலை 6 மணிக்கு வைக்கும் வகுப்பு இங்கே கார்த்திகை, மார்கழியில் இரவு 11.30க்குத் தொடங்கும். அந்த அக்கா வீட்டு முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டுத்தான் வகுப்பில் இருப்பார். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். மழை தொடங்கினால் மடிக்கணினியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே ஓடுவார். பதிவுசெய்த விரிவுரைகளைப் பிறகு பார்க்கலாம் என்பது உண்மைதான், ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் விரிவுரையில் இல்லை. ஒரு வழக்கை வைத்து ஆளுக்கு ஆள் முரண்பட்டுப் பேசும் கலந்துரையாடலில்தான் இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் பாடத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. உளவியல் எங்கும் ஒன்றாக இருக்கலாம், சட்டம் அப்படியில்லை. அங்கே படிப்பவர் இங்கிலாந்து நீதிமன்றத்துக்காகப் பயிற்றப்படுகிறார். இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றப் பொறுப்பு வயது 10. இலங்கையில் அது நெடுங்காலம் 8ஆக இருந்து, 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தால் 12ஆக உயர்த்தப்பட்டது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். முல்லைத்தீவில் 13 வயதுப் பையன் ஒருவன் களவு வழக்கில் வந்து நிற்கும்போது நீதவானுக்குத் தேவைப்படுவது அந்த முதிர்ச்சியைப் பற்றிய அறிக்கை. அதை எப்படி மதிப்பிட்டு எழுதுவது என்று எந்த இங்கிலாந்துப் பாடத்திட்டமும் எங்கள் சட்டத்தை வைத்துக் கற்பிக்காது. சித்த சுவாதீனமின்மை விடயத்திலும் இதே நிலைதான்: அவர்கள் 1843ஆம் ஆண்டின் மக்நோட்டன் விதியில் தொடங்குவார்கள், நாங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவில் தொடங்க வேண்டும். நிபுணர் சாட்சியத்துக்கு எங்களுக்கு 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், அதன் 45ஆம் பிரிவு. ஒப்பிட்டுப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு சுவையாகக்கூட இருக்கும். பிள்ளைகளின் சாட்சியத்தை ஒளிப்பதிவாக ஏற்கும் ஏற்பாடு இங்கிலாந்தில் 1999இல் புதிய சட்டத்துக்குள் வந்தது. இலங்கையிலும் அதே 1999இல்தான் 32ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிவிட்டது. அங்கே அதைச் சுற்றி நேர்காணல் வழிகாட்டிகளும் பயிற்சியும் தடித்த புத்தகங்களாக வளர்ந்தன. இங்கே சட்டம் இருக்கிறது, மிச்சத்தை நாங்கள்தான் வளர்க்க வேண்டும்.

மொழியைப் பற்றி விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை. இந்தத் துறையின் புகழ்பெற்ற பரிசோதனைகளில் ஒன்று 1974இல் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் செய்தது. வாகன விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, வாகனங்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். வன்மையான வினைச்சொல்லைக் கேட்டவர்கள் கூடிய வேகத்தைச் சொன்னார்கள். இதைப் படித்த இரவில் நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: தட்டினது, முட்டினது, மோதினது, இடிச்சது, அடிச்சுப் போட்டுது. ஏ9 வீதியில் நடந்த ஒரே விபத்தை ஐந்து வேகத்தில் சொல்ல எங்களிடம் ஐந்து சொல் உண்டு. இந்தச் சொற்களின் எடையை ஆங்கிலப் பாடநூல் அளந்து தராது. இன்னும் நுட்பமான சொல் ஒன்று இருக்கிறது. "மாமா சேட்டை விட்டவர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது வெறும் குறும்பாகவும் இருக்கலாம், வெளியே சொல்லக் கூசும் கொடுமையாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் "உன்னைத் தொட்டவரோ?" என்று கேட்டுவிட்டால் பதில் எங்கள் வாயில் இருந்து பிள்ளையின் வாய்க்குப் போய்விடும்; "சேட்டை எண்டால் என்னம்மா, எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனத்தைப் பிடித்து வைத்திருக்கப் பழகுவதற்கே எனக்கு ஓர் ஆண்டு எடுத்தது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், ஆனால் முதல் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு மொழிபெயர்ப்போடு வருவது இங்கே வழமையாக நடப்பது. அதற்கு மேல் உளவியல் அறிக்கையும் ஆங்கிலத்தில் போனால் பிள்ளை சொன்ன சொல் எந்தப் படியில் தொலைந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் இங்கிலாந்துப் படிப்பு வேண்டாம் என்பது என் கருத்தில்லை. அதன் பலம் எனக்குத் தெரியும். ஆபத்து மதிப்பீட்டை வெறும் ஊகத்தில் இருந்து எடுத்து ஒழுங்கான தீர்ப்புமுறையாக்கும் ஹெச்.சி.ஆர்.-20 போன்ற கருவிகள், சந்தேக நபர் கேள்விக்கு இசைந்து போய்விடும் தன்மையை அளக்கும் குட்ஜொன்சனின் அளவுகோல், ஆபத்து, தேவை, ஏற்புத்தன்மை என்று 1990இல் அன்ட்ரூஸும் பொன்டாவும் வகுத்த மறுவாழ்வு நெறி என்பவற்றை முறையாக, ஆள் வைத்துக் கற்பிக்கிறார்கள். உள்நாட்டுப் படிப்புகளில் இவை போகிற போக்கில் ஒரு விரிவுரையில் முடிந்துபோகின்றன. ஆனால் அந்தக் கருவிகள் எங்கள் மக்களில் அளந்து நிலைநிறுத்தப்பட்டவை அல்ல என்பதைப் படிப்பவர் தானாக நினைவில் வைத்திருக்க வேண்டும். இறுதிப் போரைக் கடந்து மெனிக்பாம் முகாமில் இருந்து வெளியேறிய ஒரு பெண், சாட்சிக்கூண்டில் நின்று தன் கணவனின் அடியைப் பற்றி முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொல்லுவாள். அந்த அசையாமையைப் பொய்யின் அடையாளமாகப் படிக்கிற சட்டத்தரணி இருக்கிறார். அது வேறு விதமாகவும் இருக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல ஆள் தேவை. அதைக் கருவியின் புள்ளி சொல்லாது.

அவுஸ்திரேலியாவைப் பற்றியும் கேட்கிறார்கள், அங்கேயும் எங்கள் ஆட்கள் இருப்பதால். உளவியல் சபை தனியாக அங்கீகரிக்கும் ஒன்பது சிறப்புத் துறைகளில் தடயவியல் உளவியலும் ஒன்று. ஆனால் ஆறு ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் நேரடிப் பயிற்சியும் கேட்பார்கள். மெல்பேணில் மாலை 6 மணி என்றால் இங்கே பகல் 12.30 அல்லது 1.30, அதாவது அலுவலக நேரம். வேலையோடு அது ஒத்துவராது.

இந்தியாவும் அநேகமாக அப்படித்தான். காந்திநகரில் உள்ள தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம், 2020இல் தேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது, தடயவியல் உளவியலில் முதுமாணி தருகிறது. ஆனால் முழுநேரம், வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்து, சம்பளமில்லா லீவும் கிடைத்தால் அது நல்ல வாய்ப்பு. தபால்வழியில் உளவியல் முதுமாணி படித்துவிட்டு மேலே போகலாம் என்று ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கதவு மூடிவிட்டது: இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையில் இருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பிக்கக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறது. இன்னமும் யாராவது முகவர் அப்படியொரு படிப்பை நீட்டினால் விலகிப் போவதே நல்லது.

இனி உள்நாட்டு வழி. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று பீடங்கள். ஆக வீட்டு வாசலில் இரண்டு பல்கலைக்கழகம் இருந்தும் இந்தப் படிப்புக்கு நாங்கள் பேருந்து ஏறத்தான் வேண்டும். கிடைப்பது உளவியல், உளவளத்துணை அல்லது குற்றவியல் முதுமாணி. தடயவியல் உளவியல் என்று பட்டத்தில் எழுதியிருக்காது. தடயவியலை உள்ளே கொண்டுவருவது படிப்பவரின் பொறுப்பு, அதற்கான வாசல் ஆய்வேடு. நான் பிள்ளைகளிடம் முதல் வாக்குமூலம் எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளின் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். குற்றவியலை நீண்ட காலமாகக் கற்பிக்கிற ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போனவர்கள் சிறை, நன்னடத்தைத் தலைப்புகளை எடுக்கிறார்கள்.

சேரும் முன் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அந்த முதுமாணி எத்தனையாம் மட்டம் என்று பார்க்க வேண்டும். 9ஆம் மட்டம் 30 திறமைப்புள்ளிகளோடு பாடநெறியாக முடியும். 10ஆம் மட்டத்துக்கு ஆய்வோடு சேர்த்து 60 திறமைப்புள்ளிகள் வேண்டும். பின்னால் கலாநிதிப் பட்டத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எண்ணம் துளியும் இருந்தால் 10ஆம் மட்டத்தையே தேடுங்கள். எங்கள் சட்டகத்தில் ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலம் என்று கணக்கு. அப்படியானால் 60 புள்ளி 3,000 மணித்தியாலம். இரண்டு ஆண்டில் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம். இங்கிலாந்து முதுமாணி 180 புள்ளி, புள்ளிக்கு 10 மணித்தியாலம், ஆக 1,800; இரண்டு ஆண்டுப் பகுதிநேரத்தில் கிழமைக்கு ஏறத்தாழ 17. தாளில் பார்த்தால் உள்நாட்டுப் படிப்புத்தான் பாரம் கூட. நடைமுறையில் அந்த 29ஐ யாரும் படிப்பதில்லை, கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலத்துக்குக் கீழே போனால் ஆய்வேடு நகராது என்பது என் அனுபவம்.

அந்தப் பதினைந்தில் பேருந்தைச் சேர்க்கக் கூடாது. வெள்ளி இரவு 9 மணிக்குக் கிளிநொச்சியில் ஏறினால் விடியப்புறம் கோட்டையில் இறக்குவார்கள். முகத்தைக் கழுவி, பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு வகுப்புக்குப் போனால் இரண்டாவது மணித்தியாலத்தில் கண் சொருகும். ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை நேரே அலுவலகம். யாழ்ப்பாணத்தில் வகுப்பு என்றால் 65 கிலோமீற்றர்தான், காலையில் போய் மாலையில் திரும்பலாம். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். கட்டணம் ரூபாவில், இலட்சங்களில் முடியும். குறைகளும் உண்டு. என் மேற்பார்வையாளர் இரண்டு தடவை மாறினார். ஆய்வேட்டைக் கையளித்துப் பதினான்கு மாதத்துக்குப் பிறகுதான் பெறுபேறு வந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் அலுவலகத்தில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்களே தவிர, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் படிப்பை இணையவழியில் படித்த அக்காவுக்கு மூன்று கிழமையில் பின்னூட்டம் வந்ததை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

முதுமாணியைத் தள்ளிவைத்துவிட்டுத் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி படிப்பது இன்னொரு வழி. அதன் கற்கை நிலையம் வவுனியாவிலும் இருக்கிறது. கெட்டித்தனமான வழிதான், ஆனால் நெடியது; நீதிமன்றத்தின் பேச்சு விளங்கும், உளவியல் அதே இடத்தில் நிற்கும். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர் யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் நான் அதிகம் நேரம் எடுத்துப் பேசுவது மேற்பார்வையைப் பற்றித்தான். வன்னியில் ஒரு பிரதேசத்துக்கு ஓர் உத்தியோகத்தர். காலையில் ஆறுதல் சொல்பவரும் அவரே, மாலையில் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவரும் அவரே. ஆறுதல் சொல்பவருக்கு இரகசியம் காப்பது கடமை. அறிக்கை எழுதுபவருக்குக் கேட்டதைச் சொல்வது கடமை. ஒரு முறை ஒரு தாய், "மிஸ் நீங்கள் எங்கட ஆள் எண்டுதானே எல்லாத்தையும் சொன்னனான், பிறகு ஏன் கோட்டில வாசிச்சவை?" என்று என்னைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் இல்லை. இப்போது கோப்பைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அம்மா, இன்று நான் எழுதுவது நீதவானுக்குப் போகும், சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டாம். இந்த ஒரு வசனத்தைச் சரியான நேரத்தில் சொல்லப் பழகுவதற்கு, எழுதிய அறிக்கையை எடுத்துவைத்துக் கேள்வி கேட்கும் மூத்தவர் ஒருவர் தேவை. மாதம் ஒரு முறையாவது அப்படி ஒருவரோடு உட்கார வழியில்லாத படிப்பு, எந்த நாட்டுப் படிப்பானாலும், இந்தத் துறையில் அரைப் படிப்பு. ஆகவே சேர்வதற்கு முன்பே ஆளைத் தேடிவிடுங்கள்: மாவட்ட வைத்தியசாலையின் மனநல மருத்துவர், சட்ட வைத்திய அதிகாரி, ஓய்வுபெற்ற நன்னடத்தை ஆணையாளர் என்று யாராவது இருப்பார்.

கையில் உள்ள வழக்குகளையே ஆய்வுக்கு எடுக்கலாமே என்று எல்லோரும் நினைப்பார்கள். பெயரை மாற்றினால் போதும் என்பது கொழும்புக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரில் "மூன்று பெண்பிள்ளைகள், தகப்பன் கடற்றொழிலாளி, தாய் இரண்டாம் கலியாணம்" என்று எழுதினாலே வீட்டு வாசல்வரை வழிகாட்டியாகிவிடும். தலைப்பை விரிந்த பரப்பில் எடுத்து, திணைக்கள அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற ஆறு மாதம் ஒதுக்க வேண்டும். சிறைச்சாலைக்குள் போவதென்றால் இன்னும் கூடுதலாக ஒதுக்குங்கள்.

வவுனியாத் தம்பிக்கு நான் சொன்னது இது: நீர் போகப் போகிறவர். ஆகவே இப்போதைக்கு எந்த முதுமாணிக்கும் காசு கட்ட வேண்டாம்; முதலில் இளமாணிப் பாடவிபரத்தையும் பெறுபேற்றையும் பிரித்தானிய உளவியல் சங்கத்துக்கு அனுப்பி அடிப்படைத் தகுதி கிடைக்குமா என்று அறிந்துகொள்ளும். கிடைத்தால், அங்கே போன பிறகு, அங்கீகரித்த முதுமாணியை வேலையோடு பகுதிநேரமாக அங்கேயே படியும். தொழிற்பயிற்சிக்கான சிறையும் வைத்தியசாலையும் அங்கேதான் இருக்கின்றன. இங்கிருந்து இணையவழியில் படித்து முடித்துவிட்டுப் போனால் மூன்றாம் படிக்கு மறுபடி கியூவில் நிற்க வேண்டும். அவருக்கு இந்தப் பதில் அவ்வளவு பிடிக்கவில்லை. உடனே தொடங்குவதற்கு ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்.

முல்லைத்தீவுத் தங்கச்சிக்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஆய்வோடு கூடிய 10ஆம் மட்ட முதுமாணியையே சொன்னேன். இரண்டும் கிடைத்தால் யாழ்ப்பாணம். 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் முதிர்ச்சியை நன்னடத்தை அறிக்கைகள் எந்தச் சொற்களில் எழுதுகின்றன என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னேன். அவருடைய மேசையில் நாளாந்தம் வரும் கேள்வி அது. தமிழில் அதற்கு இன்னும் பொதுவான சொற்கள்கூட உருவாகவில்லை. கருவிகளின் பயிற்சியை அதற்குப் பிறகு, குறுகிய இணையவழிப் பயிற்சிகளாக, சம்பளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாமியாரோடு கதைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். நேற்று அழைத்து, மாமியார் சம்மதம் என்றும், திணைக்களத்துக்கு அனுமதிக் கடிதம் எழுத வேண்டும், அதில் "தடயவியல்" என்ற சொல்லைப் போடலாமா என்றும் கேட்டார். "சிறுவர் நீதி" என்று போடச் சொன்னேன். கையெழுத்துக் கெதியாகக் கிடைக்கும்.